'த ரைட் ஸ்டஃப்' பார்க்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1983இல் வந்த 'த ரைட் ஸ்டஃப்' படத்தை நான் பலருக்குச் சிபாரிசு செய்வதுண்டு. முழுதாகப் பார்த்துவிட்டு வருகிறவர்களும், பாதியில் நிறுத்திவிட்டு வருகிறவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். நடந்த கதை என்பதால் முடிவு தெரிந்துவிடுமே என்ற கவலை வேண்டாம்.

இது டாக்குமென்டரியா, கதைப்படமா? எவ்வளவு தூரம் நம்பலாம்?

கதைப்படம். டாம் வுல்ஃப் 1979இல் வெளியிட்ட அதே பெயருள்ள புத்தகத்தை வைத்து ஃபிலிப் காஃப்மன் எழுதி இயக்கியது. 1947இல் அமெரிக்க விமானப்படையின் சக் யேகர் ஒலியின் வேகத்தைத் தாண்டியதில் தொடங்கி, 1963இல் மெர்குரித் திட்டத்தின், அதாவது மனிதரை விண்வெளிக்கு அனுப்பிய முதல் அமெரிக்கத் திட்டத்தின், கடைசிப் பயணம் வரை போகிறது. முக்கியமான ஆட்கள் எல்லோரும் நிஜ மனிதர்கள். பெரும்பாலான சம்பவங்களும் நடந்தவைதான்.

ஆனால் சம்பவங்களின் வரிசையையும் காரணத்தையும் பல இடங்களில் மாற்றியிருக்கிறார்கள். நான் கவனித்தவரை, யேகரை இன்னும் கொஞ்சம் உயரத்தில் நிறுத்துவதற்காகத்தான் படம் உண்மையைவிட்டு அதிகம் விலகுகிறது. அதைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பது தானாகவே பிடிபடும்.

மூணு மணி நேரத்துக்கு மேல ஓடுதாமே, ஒரே மூச்சுல பாக்கணுமா?

193 நிமிடம். இரண்டு நாளாகப் பிரித்துப் பார்த்தாலும் குற்றமில்லை. மெர்குரிக்குத் தேர்ந்தெடுத்த ஏழு விண்வெளி வீரர்களும் நீள மேஜையில் வரிசையாக உட்கார்ந்து பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்லும் காட்சி வருமே, அதோடு நிறுத்தினால் கதை அறுந்துபோகாது. வசதி இருந்தால் பெரிய திரையிலும் நல்ல ஒலியிலும் பாருங்கள். படத்துக்குக் கிடைத்த நான்கு ஆஸ்கரில் இரண்டு ஒலிக்கும் ஒலி விளைவுகளுக்கும்தான். மற்ற இரண்டும் படத்தொகுப்புக்கும் பில் கான்டியின் இசைக்கும்.

விண்வெளிப் படம்னு சொன்னீங்க. ஆரம்பத்துல பாலைவனமும் குதிரையும் மதுக்கடையுமாவே போகுதே?

அந்தப் பகுதிதான் படத்தின் முதுகெலும்பு. அந்த இடம் கலிஃபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் இருக்கும் மியூராக். பிற்பாடு எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் ஆனது. காய்ந்த ஏரிப் படுகை, கண்ணுக்கெட்டிய தூரம் சமதளம். எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம் என்பதால்தான் புது விமானங்களை அங்கே கொண்டுபோனார்கள். மதுக்கடையும் நிஜம். பாஞ்சோ பார்ன்ஸ் என்ற பெண் விமானி நடத்தினார், 1953இல் எரிந்துபோனது.

படத்துக்கு முதலில் திரைக்கதை எழுதிய வில்லியம் கோல்ட்மன் யேகரை அடியோடு விட்டுவிட்டு ஏழு வீரர்களை மட்டும் வைத்து எழுதினார். காஃப்மன் அதை ஒதுக்கிவிட்டு யேகரைத் திரும்பக் கொண்டுவந்தார். அவர் செய்தது சரி என்பதுதான் என் எண்ணம். பாலைவனத்து விமானிகளின் அளவுகோல் என்னவென்று தெரிந்தால்தான், பின்னால் வரும் விளம்பரமும் ஊர்வலமும் எவ்வளவு விசித்திரம் என்பது உறைக்கும்.

ஒலித்தடைங்கிறது நெஜமாவே ஒரு சுவரா? எதுக்கு அவ்வளவு பயம்?

சுவர் எதுவும் இல்லை, ஆனால் பயம் நியாயமானது. விமானம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது அதன் முன்னால் இருக்கும் காற்று விலக நேரமில்லாமல் நெருக்கப்பட்டு, இறக்கையின் மேல் அதிர்வலைகள் உருவாகும். விமானம் குலுங்கும். அதைவிட மோசம், வாலில் மூக்கை மேலும் கீழும் திருப்பப் பயன்படும் எலிவேட்டர் வேலை செய்யாமல் போகும். விமானி கம்பை எவ்வளவு இழுத்தாலும் விமானம் அசையாது. 1946 செப்டம்பரில் பிரிட்டனின் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் ஜூனியர், வாலில்லாத ஒரு விமானத்தில் அதிவேகத்துக்குத் தயாராகும்போது விமானம் உடைந்து இறந்தார். காற்றில் ஒரு பேய் உட்கார்ந்திருக்கிறது என்று படம் தொடங்குவது இந்தப் பயத்தில்தான்.

பேயை விரட்டிய விதத்தைப் படம் சரியாகச் சொல்வதில்லை. படத்தில் யேகர் 'சரி, ஓட்டுகிறேன்' என்கிறார், ஏறுகிறார், உடைக்கிறார். உண்மையில் 1947 ஆகஸ்ட் முதல் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஒலியின் வேகத்தில் 94 சதவீதத்தை எட்டியபோது எலிவேட்டர் செத்துப்போனது. திட்டம் அங்கேயே நின்றிருக்கும். பொறியாளர் ஜாக் ரிட்லி கணக்குப் போட்டு, எலிவேட்டரை விட்டுவிட்டு வாலின் கிடைமட்டப் பகுதி முழுவதையும் சிறிது சிறிதாகத் திருப்பி ஓட்டலாம் என்றார். யேகர் ஓட்டிய எக்ஸ்-1 ராக்கெட் விமானத்தில் அதற்கான வசதி இருந்தது. ஒலியை மிஞ்சும் போர் விமானங்களில் அதன்பிறகு அந்த வகை வால் வழக்கமாகிவிட்டது.

அக்டோபர் 14 அன்று பி-29 விமானத்தின் வயிற்றிலிருந்து விடுபட்டு, ஏறத்தாழ 13,000 மீட்டர் உயரத்தில் 1.06 மாக் வேகம், அதாவது ஒலியின் வேகத்தைப்போல் 1.06 மடங்கு. அது அவருக்கு எக்ஸ்-1இல் ஒன்பதாவது ராக்கெட் பறத்தல். படத்தில் ரிட்லி, சூயிங்கம் கடன் கொடுக்கும் நண்பராக வந்து போகிறார். பொறியாளர்களுக்குச் சினிமாவில் எப்போதும் அவ்வளவுதான் இடம்.

விலா எலும்பு உடைஞ்சு, விளக்குமாத்துக் கட்டையை வெச்சுக் கதவை மூடினது எல்லாம் சினிமாக்காரங்க கட்டினதுதானே?

யாரும் கட்டியதாகத்தான் நினைப்பார்கள், ஆனால் நடந்தது. பறப்பதற்கு இரண்டு இரவு முன்பு குதிரையிலிருந்து விழுந்ததில் யேகருக்கு இரண்டு விலா எலும்புகள் உடைந்தன. தளத்து மருத்துவருக்குத் தெரிந்தால் பறக்க விடமாட்டார்கள் என்று வெளியே போய்க் கட்டுப் போட்டுக்கொண்டார். எக்ஸ்-1இன் பக்கவாட்டுக் கதவை வலது கையால் தள்ளிப் பூட்ட வேண்டும். அந்தப் பக்கம்தான் அடி. ரிட்லி விளக்குமாற்றுக் கட்டையில் ஒரு துண்டை அறுத்துக் கொடுத்தார். இடது கையால் அதை வைத்து நெம்பிப் பூட்டினார்.

ஒலியின் வேகத்தைத் தாண்டிய செய்தியை அரசு மறைத்ததும் உண்மை. 1947 டிசம்பரில் ஒரு விமானப் பத்திரிகை போட்டு உடைத்தது. அரசு 1948 ஜூனில்தான் ஒப்புக்கொண்டது.

அப்பேர்ப்பட்ட யேகரை ஏன் விண்வெளிக்கு எடுக்கல?

பட்டம் இல்லை. மெர்குரித் திட்டத்துக்கு விதிகள் கறாரானவை: 40 வயதுக்குக் கீழே, உயரம் 180 சென்டிமீட்டருக்குள், இளநிலைப் பட்டம் அல்லது அதற்குச் சமமான படிப்பு, சோதனை விமானிப் பள்ளியில் தேர்ச்சி, 1,500 மணி நேரப் பறப்பு. உயர வரம்பு விண்கலத்தின் அளவால் வந்தது. சர்க்கஸ்காரர்களையும் பந்தயக்கார் ஓட்டுநர்களையும் எடுக்கலாமா என்று படத்தில் பேசிக்கொள்வார்கள். கடைசியில் ராணுவச் சோதனை விமானிகள் போதும் என்று முடிவெடுத்தவர் ஜனாதிபதி ஐசன்ஹோவர்.

பட்டம் இருந்தாலும் யேகர் போயிருப்பாரா என்பது வேறு விஷயம். ஓட்டுவதற்கு எதுவும் இல்லாத பெட்டி என்றுதான் பாலைவனத்துக்காரர்கள் அதைக் கேலி செய்தார்கள்.

ஏழு பேரும் ஒரே மாதிரி முடி வெட்டிக்கிட்டு இருக்காங்க. எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?

நான்கு பேரைப் பிடித்துக்கொண்டால் போதும்; படமும் அவர்களைத்தான் பின்தொடர்கிறது. ஒழுக்கம் பேசும் ஜான் க்ளென், இறுக்கமும் குறும்பும் மாறி மாறி வரும் ஆலன் ஷெப்பர்ட், குறைவாகப் பேசும் கஸ் கிரிஸம், எப்போதும் சிரிக்கும் கார்டன் கூப்பர். ஸ்காட் கார்பென்டர், வாலி ஷிரா, டீக் ஸ்லேட்டன் மூவருக்கும் படத்தில் நேரம் குறைவு.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம் நடிகர்களின் பெயர்கள். ஆலன் ஷெப்பர்டாக நடித்தவர் ஸ்காட் க்ளென். யேகராக நடித்தவர் சாம் ஷெப்பர்ட். ஜான் க்ளென்னாக வருபவரோ எட் ஹாரிஸ். எழுத்து ஓடும்போது தலை சுற்றினால் உங்கள் தப்பில்லை.

அந்த மருத்துவப் பரிசோதனையெல்லாம் சிரிக்க வைக்கிறதுக்காகச் சேர்த்ததா?

தொனி சினிமாவுடையது, சோதனைகள் நிஜம். 32 விமானிகளை நியூ மெக்ஸிகோவின் அல்புகர்க்கியில் இருந்த லவ்லேஸ் மருத்துவமனைக்கு அனுப்பி ஒரு வாரம் பிழிந்தெடுத்தார்கள். பிறகு ஒஹாயோவில் இன்னொரு சுற்று: சூட்டறை, பனிநீரில் கால், இருட்டறைத் தனிமை. மனித உடல் விண்வெளியில் எதைத் தாங்க வேண்டியிருக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதனால் தெரிந்த சோதனை எல்லாவற்றையும் செய்து பார்த்தார்கள்.

அந்த 32 பேரில் கழிக்கப்பட்டவர்களில் ஒருவர் பீட் கான்ராட், 1969இல் நிலவில் நடந்த மூன்றாவது மனிதர். இன்னொருவர் அப்பல்லோ 13ஐத் திரும்பக் கொண்டுவந்த ஜிம் லவல். சோதனையின் லட்சணத்தை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஷெப்பர்ட் திரும்பத் திரும்ப 'ஹொசே ஹிமெனெஸ்'னு ஏதோ பேசுறாரே, யார் அது?

பில் டேனா என்ற நகைச்சுவை நடிகர் உருவாக்கிய பாத்திரம். பயந்தாங்கொள்ளி விண்வெளி வீரன், ஸ்பானிய உச்சரிப்பில் அரைகுறை ஆங்கிலம். அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிரபலம். நிஜ ஷெப்பர்டும் அதை ரசித்து மிமிக்ரி செய்தவர். இனத்தைக் கேலி செய்யும் நகைச்சுவை என்பதைப் படம் கண்டுகொள்ளாமல் விடவில்லை. மருத்துவமனை ஊழியர் ஒருவர் அவரை மடக்கும் காட்சியைக் கவனியுங்கள்.

அவர் உடுப்புக்குள்ளயே சிறுநீர் கழிச்சதும் உண்மையா?

உண்மை. 1961 மே 5 அன்று அவருடைய பயணமே சுமார் 15 நிமிடம்தான் என்பதால் அதற்கு ஏற்பாடு செய்யவே இல்லை. ஆனால் தாமதத்தால் நான்கு மணி நேரத்துக்கு மேல் கலத்துக்குள் படுத்துக் கிடந்தார். உடம்பில் ஒட்டியிருந்த உணரிகளின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அனுமதி கொடுத்தார்கள்.

கிரிஸம் பயந்துபோய் அவரே கதவை வெடிக்க வெச்சுட்டாரா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். படத்தின் மேல் எனக்குக் கோபம் இருப்பதும் இந்த ஓர் இடத்தில்தான். 1961 ஜூலை 21. கிரிஸமின் கலம் அட்லான்டிக்கில் இறங்கி மிதந்துகொண்டிருந்தபோது, வெடிமருந்து வைத்த கதவு பறந்துபோய்த் தண்ணீர் புகுந்தது. அவர் வெளியே குதித்து, மூழ்காமல் மயிரிழையில் தப்பினார், கலம் மூழ்கியே போனது. படம் நேராகக் குற்றம் சாட்டுவதில்லை. ஆனால் உள்ளே அவர் படபடப்பதைக் காட்டி, மனைவி பெட்டி வெடித்து அழுவதையும் காட்டினால், பார்க்கிறவர் தீர்ப்பு எழுதிவிட மாட்டாரா?

சாட்சியம் அவர் பக்கம்தான். அடுத்த ஆண்டு ஷிரா தன் பயணம் முடிந்ததும் வேண்டுமென்றே கையால் குமிழை அடித்துக் கதவை வெடிக்க வைத்தார். குமிழ் எதிர்த்து உதைத்ததில் அவர் கை காயப்பட்டது. கிரிஸமின் கையில் அப்படி ஒரு கீறலும் இல்லை. விசாரணையிலும் அவர்மேல் தவறு இல்லை என்றே முடிவானது. மீட்க வந்த ஹெலிகாப்டரிலிருந்து பாய்ந்த நிலைமின்சாரம் காரணமாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் சிலர் வாதிட்டிருக்கிறார்கள். கலத்தை 1999இல் கடலடியிலிருந்து எடுத்தார்கள், கதவு மட்டும் கிடைக்கவில்லை.

பயந்தாங்கொள்ளி என்று நாசா நினைத்திருந்தால் 1965இல் மெர்குரிக்கு அடுத்த திட்டமான ஜெமினியில் ஆள் போன முதல் பயணத்தையும், பிறகு முதல் அப்பல்லோ குழுவின் தலைமையையும் அவரிடம் கொடுத்திருக்குமா? 1967 ஜனவரி 27 அன்று தரையில் ஒத்திகையின்போது அப்பல்லோ கலத்தில் தீப்பிடித்து எட் ஒயிட், ரோஜர் சாஃபி ஆகியோரோடு அவரும் இறந்தார். அந்தக் கலத்தின் கதவு உள்பக்கமாகத் திறப்பது. உள்ளே அழுத்தம் ஏறியதும் அதைத் திறக்க முடியவில்லை.

க்ளென் பறக்கும்போது ஆஸ்திரேலியப் பழங்குடிகள் தீ மூட்டி, பொறி மேலே போய், அது விண்வெளியில மின்மினியாத் தெரியுதே?

தீயும் பொறியும் காஃப்மனின் கற்பனை. அதைச் சுற்றியிருப்பவை உண்மை. 1962 பிப்ரவரி 20 அன்று க்ளென் மேலே கடந்தபோது பெர்த் நகர மக்கள் விளக்குகளை எரியவிட்டு வணக்கம் சொன்னார்கள். அருகில் மூச்சியா நிலையத்திலிருந்து ரேடியோவில் பேசியவர் கூப்பர்தான். சூரிய உதயத்தில் கலத்தைச் சுற்றி மினுக்கும் துகள்களை க்ளென் பார்த்ததும் நடந்தது. மூன்று மாதம் கழித்துப் போன கார்பென்டர் கலத்தின் உட்சுவரைத் தட்டினார், துகள்கள் கிளம்பின. கலத்தின் வெளிப்புறத்தில் உறைந்திருந்த பனித்துணுக்குகள்.

வெப்பக் கவசம் கழன்றுவிட்டதோ என்ற பதற்றமும் சேர்த்ததல்ல. தவறான சமிக்ஞைதான் என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

துணை ஜனாதிபதி ஜான்சனை வீட்டுக்குள்ளயே விடலையாமே, அதுவும் நெஜமா?

ஆமாம். 1962 ஜனவரி 27 அன்று க்ளென்னின் பயணம் தள்ளிப்போனதும் ஆறுதல் சொல்லத் தொலைக்காட்சிக் கேமராக்களோடு வீட்டுக்கு வர ஜான்சன் விரும்பினார். ஆனி க்ளென்னுக்குக் கடுமையான திக்குவாய். கேமரா முன்னால் நிற்க அவர் மறுத்தார், கணவர் அவர் பக்கம் நின்றார். காரில் ஜான்சன் போடும் ஆட்டத்தைச் சினிமா மிகை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனி 1973இல் பேச்சுப் பயிற்சி எடுத்து, பிறகு மேடைகளில் பேசும் அளவுக்கு வந்தார். என்னைக் கேட்டால் படத்தின் மிக நல்ல காட்சி இதுதான், ராக்கெட் எதுவும் இல்லாமலே.

ஜெர்மன் விஞ்ஞானிகளை ஏன் இவ்வளவு கோமாளித்தனமாக் காட்டியிருக்காங்க?

நையாண்டிக்காக. இதைப் பற்றி விண்வெளி வீரர்களே குறைபட்டுக்கொண்டார்கள், குறிப்பாக ஷிரா. ஜெர்மனியிலிருந்து வந்த வான் பிரவுனின் குழு ஷெப்பர்டும் கிரிஸமும் போன ரெட்ஸ்டோன் ராக்கெட்டைச் செய்தது உண்மை. ஆனால் மெர்குரிக் கலத்தின் வடிவம் மாக்ஸ் ஃபாஜே என்ற அமெரிக்கப் பொறியாளருடையது. திட்டத்தை நடத்தியவர் ராபர்ட் கில்ரூத். கனடாவில் ஒரு போர் விமானத் திட்டம் ரத்தானதும் அங்கிருந்து வந்து சேர்ந்த பொறியாளர்களும் இருந்தார்கள். சினிமாவில் பொறியாளர்களுக்கு இடமில்லை என்று ரிட்லியை வைத்துச் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

கலத்துக்கு ஜன்னல் வேண்டும் என்று வீரர்கள் சண்டை போட்டது மட்டும் நிஜம். ஷெப்பர்டுக்கு இரண்டு சின்ன வட்டத் துளைகள்தான். கிரிஸமின் கலத்திலிருந்து சரியான ஜன்னல் வந்தது.

கடைசியில யேகர் யாரையும் கேக்காம விமானத்தை எடுத்துக்கிட்டுப் போய் விழுந்தாரா?

விழுந்தார். கேட்காமல் போகவில்லை. அப்போது அவர் எட்வர்ட்ஸில் விண்வெளி விமானிகளுக்கான பயிற்சிப் பள்ளியின் தலைவர். அது திட்டமிட்ட பறத்தல். அவர் ஓட்டிய என்எஃப்-104 விமானம் கட்டுப்பாடு இழந்து சுழல, குதித்தபோது இருக்கையின் சூடான பகுதி தலைக்கவசத்தில் மோதி முகம் வெந்தது. படத்தில் பறப்பது சாதாரண எஃப்-104. நிஜ விமானத்தின் வாலில் இருந்த ராக்கெட் இதில் இருக்காது.

தேதிகளைப் பாருங்கள். விண்வெளி வீரர்களுக்கு ஹூஸ்டனில் நடக்கும் வரவேற்பு விருந்து 1962 ஜூலை. கூப்பரின் பயணம் 1963 மே. யேகரின் விபத்து 1963 டிசம்பர். படமோ விருந்தையும் விபத்தையும் ஒரே இரவுபோல் பின்னி, கூப்பரைக் கடைசியில் வைக்கிறது. புகைக்குள்ளிருந்து நடந்துவரும் யேகரைப் பார்க்க ரிட்லியும் வண்டியில் வருகிறார். நிஜ ரிட்லி 1957இலேயே ஜப்பானில் விமான விபத்தில் இறந்துவிட்டார். முதல் கேள்வியில் சொன்ன விலகலுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆனாலும் அந்தக் காட்சி வரும்போது எனக்கு இந்தத் தேதி எதுவும் ஞாபகம் வருவதில்லை.

கூப்பர்தான் விண்வெளிக்குத் தனியாப் போன கடைசி அமெரிக்கர்னு முடிக்கிறாங்களே, சரியா?

பூமியைச் சுற்றியவர்கள் என்று எடுத்துக்கொண்டால் பரவாயில்லை. விண்வெளி என்று பொதுவாகச் சொன்னால் தப்பு. கூப்பர் போய்வந்த இரண்டாவது மாதமே, 1963 ஜூலையில், ஜோ வாக்கர் எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தில் தனியாக, விண்வெளியின் எல்லையாகக் கொள்ளப்படும் 100 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டினார். ஆகஸ்டில் மறுபடியும், சுமார் 108 கிலோமீட்டர். அதுவும் அதே எட்வர்ட்ஸில். எக்ஸ்-15க்குப் படத்தில் கிட்டத்தட்ட இடமே இல்லை, ஏனென்றால் அது இருந்தால் 'யேகரோடு பாலைவனத்தின் காலம் முடிந்தது' என்ற கதை நிற்காது. நீல் ஆம்ஸ்ட்ராங் ஏழு முறை ஓட்டிய விமானம் அது.

பெண்கள் எல்லாரும் மனைவிகளாவே வர்றாங்க. பெண் விமானிகளே கிடையாதா?

இருந்தார்கள். லவ்லேஸ் மருத்துவர் தனியார் பணத்தில் பெண் விமானிகளையும் பரிசோதித்தார். ஜெர்ரி காப் உட்பட 13 பேர் தேறினார்கள். 1962இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் வாதாடியும் பலனில்லை. ராணுவச் சோதனை விமானியாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பள்ளிகளில் பெண்களுக்கு இடமில்லை. கூப்பர் இறங்கிய அடுத்த மாதம் சோவியத்தின் வாலென்டினா தெரெஷ்கோவா போய்வந்தார். படத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மனைவிகளின் காட்சிகள் என்னவோ நன்றாகவே இருக்கின்றன.

நம்ம விண்வெளி வீரர்களும் சோதனை விமானிகள்தானா?

ஆமாம், அதே வழிதான். 1984இல் சோவியத் கலத்தில் போன ராகேஷ் சர்மா விமானப்படையின் சோதனை விமானி. ககன்யான் திட்டத்துக்காக 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா நால்வரும் அப்படியே. அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். சுக்லா 2025 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே போய்விட்டார்.

பிள்ளைங்களோட உட்கார்ந்து பாக்கலாமா?

பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் பார்க்கலாம். கெட்ட வார்த்தைகள் உண்டு. பரிசோதனைக் காட்சிகளில் ஒன்றும் ஹூஸ்டன் விருந்தில் வரும் விசிறி நடனமும் உங்களை நெளிய வைக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு நீளம்தான் பிரச்சினை. அவர்களுக்குச் சிம்பன்சி வரும் இடம் மட்டும் போதும். அதன் பெயர் ஹாம். ஷெப்பர்டுக்கு மூன்று மாதம் முன்னால் போய் உயிரோடு திரும்பியது.

நிஜ யேகரும் படத்துல நடிச்சிருக்காராமே, எங்க?

பாஞ்சோவின் மதுக்கடையில் ஃபிரெட் என்று ஒரு வயதான ஆள் இருப்பார். அவர்தான். படத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசகரும் அவரே. அதைத் தெரிந்துகொண்டு முதல் கேள்விக்கான பதிலை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.